கேதம் கேட்கும் தொலைபேசி: ஐ.சி.யூ. மரணத்துக்குப் பின் குடும்பங்களைத் தேடி வரும் ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், கேதம் கேட்க வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு உட்கார்வார்கள், பிறகு கேட்பார்கள்: “எப்படி ஆச்சு?” வாசலில் பந்தலுக்குக் கீழே இருக்கும் ஆண்களிடமும், உள்ளே கூடத்தில் இருக்கும் பெண்களிடமும், வந்தவர் ஒவ்வொருவரும் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். வீட்டார் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறார்கள். மூன்றாம் நாளுக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு வரிசை வந்துவிடுகிறது. எந்த இடத்தில் தொண்டை அடைக்கும் என்பது சொல்பவருக்கே தெரிந்துவிடுகிறது. கேட்டு முடித்தவர் எழுந்து போகும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. துக்க வீட்டில் அந்தச் சொல் ஆகாது.

எங்கள் பெரியம்மாவிடம் இந்தக் கேள்வி, பெரியப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, தொலைபேசியில் வந்தது. கேட்டவர் மதுரையில் முதுநிலைப் படிப்பு படிக்கும் ஒரு மாணவி. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தினர் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வு என்றும், விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொன்னால் போதும் என்றும், பெயர் எங்கும் வராது என்றும் தாளைப் பார்த்து வாசித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “பேஷன்ட் இப்ப எப்படிம்மா இருக்காங்க?”

பெரியம்மா ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அவரு போயி மூணு மாசம் ஆச்சு தாயி” என்றார்.

இந்தத் தவறு அந்தப் பெண்ணின் கவனக்குறைவால் நேர்ந்தது அல்ல. மருத்துவமனைப் பதிவேட்டில் பெரியப்பா உயிரோடு வெளியே போனவர். மூளையில் ரத்தக் கசிவு என்று தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோய், பதினோரு நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்து, இனி முன்னேற்றம் இருக்காது என்று சொன்ன பிறகு, ‘எழுதிக் கொடுத்துவிட்டு’ அழைத்து வந்தோம். மருத்துவ மொழியில் இதற்கு, மருத்துவ அறிவுரைக்கு மாறாக வெளியேறுதல் என்று பெயர். ஆம்புலன்ஸில் உதவியாளர் ஒருவர் சுமார் 160 கிலோமீட்டர் தூரமும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வந்தார். பாம்பன் பாலம் ஏறும்போது பெரியம்மா பெரியப்பாவின் காதில் ‘பாலம் வந்துருச்சு’ என்று சொன்னார். வீட்டுக் கட்டிலில் கிடத்திக் குழாயை எடுத்த பிறகு முக்கால் மணி நேரம் மூச்சு இருந்தது.

நம் ஊர்களில் தீவிர சிகிச்சைப் பிரிவு மரணங்களில் பல இப்படித்தான் முடிகின்றன: மரணம் வீட்டில், முடிவு மருத்துவமனையில். காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. கடைசி மூச்சு சொந்த வாசலுக்குள் போக வேண்டும் என்ற விருப்பம், காப்பீட்டு அட்டையின் தொகை தீர்ந்த பிறகு நாள்தோறும் ஏறும் கட்டணம், உடலாக எடுத்துவருவதைவிட உயிரோடு எடுத்துவருவது எளிது என்ற கணக்கு ஆகிய மூன்றும் அதில் உண்டு. சிகிச்சையை நிறுத்துவதற்கான சட்ட வழி நீண்ட காலம் தெளிவில்லாமல் இருந்ததும் ஒரு காரணம். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், காமன் காஸ் என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் அதற்கு வழிவகுத்தது. அந்த நடைமுறை மிகக் கடினமானது என்று மருத்துவர்கள் முறையிட்டதால், 2023 ஜனவரியில் அதைத் திருத்தி, மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்தால் போதும் என்றும், குழு முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் எளிதாக்கியது. ஆனாலும் வழக்கமான வழி இன்றும் ‘எழுதிக் கொடுப்பது’தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது மருத்துவர்கள் அல்லர். மகனோ மருமகனோ போடுகிறார்.

ஆய்வாளர்களுக்கு இதனால் முதல் சிக்கல் வந்துவிடுகிறது. ‘ஐ.சி.யூ.வில் இறந்தவர்கள்’ என்று பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்தால், மிகக் கடுமையான முடிவை எடுத்த குடும்பங்கள் அதில் வரவே மாட்டார்கள். ‘வெளியே போனவர்கள்’ பட்டியலை எடுத்தால், பெரியம்மாவிடம் கேட்டதுபோலக் கேட்க நேரும். வெளிநாட்டு ஆய்வுகளின் வரையறையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும்.

அந்த வெளிநாட்டு ஆய்வுகளை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தத் துறையில் நாம் இன்று பேசுவதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. பிரான்சில் ஏலி அசூலே என்ற மருத்துவரும், நான்சி கென்டிஷ்-பார்ன்ஸ் என்ற சமூகவியலாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். 2005இல் வெளியான ஆய்வில், 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 284 உறவினர்களை 90 நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, மூன்றில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. நோயாளியின் கடைசிக் கட்ட முடிவில் பங்கெடுத்த உறவினர்களிடம் அது பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், கையெழுத்துப் போட்டவரின் சுமை தனி என்பதை அந்த எண் காட்டிவிடுகிறது.

2007இல் அதே குழு 126 குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீண்ட, ஒழுங்குபடுத்திய உரையாடலும் ஒரு சிறு வெளியீடும் கொடுத்தது. அந்த உரையாடல்களில் குடும்பத்தார் பேசிய நேரம் நடுவளவில் 14 நிமிடம். வழக்கமான உரையாடல்களில் 5 நிமிடம். மூன்று மாதம் கழித்து மன உளைச்சல் அறிகுறி இருந்தவர்கள் முதல் பிரிவில் 45 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 69 விழுக்காடு. மருத்துவர் என்ன சொன்னார் என்பதைவிடக் குடும்பத்தார் எவ்வளவு பேச முடிந்தது என்பதே என் கண்ணில் பட்டது.

அடுத்து வந்ததுதான் வியப்பானது. நல்ல எண்ணத்தோடு, இறப்புக்குப் பின் மருத்துவர் கையால் எழுதிய இரங்கல் கடிதம் ஒன்றைக் குடும்பத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் 242 உறவினர்கள் இருந்தார்கள். கடிதம் துக்கத்தைக் குறைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கடிதம் பெற்றவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சி அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. கடிதம் பெற்றவர்களோடு பேசிய தனி ஆய்வில் நன்றியும் வந்தது, ஐயமும் வந்தது. கடிதம் வந்தால் கேள்வி எழும். எழுந்த கேள்வியைக் கேட்க எதிரில் ஆள் இல்லை. 2022இல் 34 பிரிவுகளில் 875 உறவினர்களைக் கொண்டு செய்த பெரிய ஆய்வில் முறையை மாற்றினார்கள்: இறப்புக்கு முன் ஒரு சந்திப்பு, இறக்கும் நேரத்தில் மருத்துவரும் செவிலியரும் அறைக்கு வருதல், இறப்புக்குப் பின் மறுபடி ஒரு சந்திப்பு. ஆறு மாதத்தில் நீடித்த துக்கத்தின் அறிகுறி இருந்தவர்கள் 21 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தார்கள். கடிதம் போய்ச் சேர்வதற்கும் ஆள் வந்து உட்கார்வதற்கும் உள்ள வேறுபாடு இது. கேதத்துக்குப் போக முடியாமல் தந்தி மட்டும் அடித்த உறவினரை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்ளலாம்.

ஆய்வில் பங்கேற்பதே குடும்பங்களுக்கு வலிக்காதா என்ற கேள்வியை நெறிமுறைக் குழுக்கள் எப்போதும் முதலில் கேட்கின்றன. அமெரிக்காவில் மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளையும் அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களையும் கொண்டு செய்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், மரணத்தைப் பற்றிப் பேசியது தமக்குப் பெரிய மனஅழுத்தம் தரவில்லை என்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் சொன்னார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஓரளவாவது உதவியாக இருந்தது என்றார்கள். கென்டிஷ்-பார்ன்ஸ் குழு 2015இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் நேரடியானது: தீவிர சிகிச்சைப் பிரிவு மரணத்துக்குப் பின் ஆய்வில் பங்கேற்றவர்களிடமே, பங்கேற்றது எப்படி இருந்தது என்று கேட்டது. பராமரித்தவர்களுக்கு நன்றி சொல்ல, மனத்தில் இருந்ததைச் சொல்ல, இனி வரும் குடும்பங்களுக்கு உதவ என்று காரணங்கள் வந்தன. மருத்துவமனை தம்மைக் கைவிட்டுவிடவில்லை என்ற ஆறுதலும் அதில் இருந்தது. நினைவு கிளறப்பட்டதையும், ‘ஆம், இல்லை, ஓரளவு’ என்ற கட்டங்களுக்குள் தங்கள் கதை அடங்காததையும் அவர்களே சொன்னார்கள்.

கட்டத்துக்குள் அடங்காத கதை என்பது பெரியம்மாவின் தொலைபேசிப் பேச்சில் அப்படியே நடந்தது. மாணவியிடம் இருபதுக்கு மேல் கேள்விகள் இருந்தன. ‘கடந்த ஏழு நாளில் அதை நினைக்காமல் இருக்க முயன்றீர்களா?’ என்பதுபோல ஒரு கேள்வி. “நெனைக்காம எப்படி இருக்குறது? நெனைக்கத்தான் இருக்கேன்” என்றார் பெரியம்மா. இதற்கு எந்த எண் போடுவது? தமிழில் மொழிபெயர்த்து, மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்த வினாப்பட்டியலாகவே இருக்கலாம். ஆனால் துக்கத்தைத் தவிர்ப்பது நோயின் அறிகுறி என்று வைத்துச் செய்த ஒரு கேள்வி, துக்கத்தைக் காப்பது கடமை என்று நினைக்கும் ஒரு வீட்டில் வேறு கேள்வியாகிவிடுகிறது. ‘மனசு கனமா இருக்கு’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘ஆகாரம் எறங்கல’ என்றெல்லாம் இங்கே சொல்வது எந்தக் கட்டத்தில் சேரும் என்பதும் எளிதில் தீர்வதில்லை. நாற்பது நிமிடம் பேசியும் ஆறு கேள்விதான் முடிந்தது. மீதி நேரம் முழுக்கப் பெரியம்மா ‘எப்படி ஆச்சு’ என்பதைச் சொன்னார். மூன்று மாதத்தில் அதைக் கேட்க அந்த மருத்துவமனையிலிருந்து வந்த முதல் ஆள் அந்த மாணவிதான்.

இறந்தவர் வீட்டில் போய்க் கேட்பது நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. வேந்தன் கஜலட்சுமியும் உடன் பணியாற்றியவர்களும் சென்னையில் 48,000 இறப்புகளின் காரணத்தை, வீட்டாரிடம் வாய்மொழியாகக் கேட்டு உறுதிசெய்த ஆய்வு 2002இல் வெளியானது. கேட்கப் போனவர்கள் பயிற்சி பெற்ற, மருத்துவம் படிக்காத பட்டதாரிகள். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2001 முதல் நடத்திய பத்து லட்சம் இறப்பு ஆய்விலும் படிவத்தின் ஒரு பகுதி, குடும்பத்தார் சொல்வதை உள்ளூர் மொழியிலேயே கதையாக எழுதிக்கொள்ளும் இடம். பேறுகால இறப்புத் தணிக்கையில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்: மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்த பெண்ணின் உறவினர் இருவரை அழைத்து, நடந்ததை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, அவர்கள் போன பிறகு மருத்துவர்களிடம் விளக்கம் கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் குடும்பத்தார் சொல்லும் சொல்லுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அதே அறையில் இருக்கிறார்கள். ஐ.சி.யூ. ஆய்வுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. கேட்பவர் ஒருவர், பதில் தெரிந்தவர் வேறொருவர்.

என் பார்வையில் முழு விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆய்வாளர் அறிவியலுக்காகக் கேட்கிறார். குடும்பம் ஒரு தீராத கணக்கோடு பேசுகிறது. பேச்சின் முடிவில் பெரியம்மா கேட்டார்: “மெஷின எடுக்காம அங்கயே விட்டிருந்தா இருந்திருப்பாரா தாயி?” வினாப்பட்டியலில் இதற்கு இடம் இல்லை. ஆய்வு முறையின்படி மாணவி செய்ய வேண்டியது, மனநல உதவி எண்ணைக் கொடுப்பது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அவர் கொடுக்கவும் செய்தார். ஆனால் பெரியம்மா கேட்டது மனநல உதவி இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மருத்துவத் தகவல். மாணவி சற்று யோசித்துவிட்டு, “நான் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா” என்றார். நெறிமுறைக் குழு இதை ஏற்குமா என்று எனக்கு ஐயம்தான். ஆய்வாளர் சிகிச்சையாளராக மாறக் கூடாது என்பார்கள், அதற்கும் நியாயம் உண்டு. பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். முதல் நாள் எடுத்த ஸ்கேனிலேயே கசிவு மூளைத்தண்டு வரை இருந்ததாக கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதையும், அங்கேயே வைத்திருந்தாலும் சில நாள்தான் கூடியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னார். பெரியம்மா நன்றி சொல்லவில்லை. “அப்ப மொத நாளே தெரியுமா?” என்றார். அது அடுத்த கேள்வி.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், தகவல் தாள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் இருக்க வேண்டும், பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்றெல்லாம் சொல்கின்றன. எல்லாம் சரியானவை. ஆனால் ஐ.சி.யூ.விலிருந்து திரும்பிய குடும்பத்துக்குத் தாள் என்றாலே ஒரு கதை உண்டு. சேர்க்கும்போது ஒன்று, குழாய் போடும்போது ஒன்று, கழுத்தில் துளை போடலாமா என்று கேட்டபோது ஒன்று, கடைசியில் ‘எங்கள் சொந்தப் பொறுப்பில்’ என்று ஒன்று. அந்தத் தாள்களின் நகல்கள் ஸ்கேன் படங்களோடு ஒரு துணிக்கடைப் பையில், எங்கள் பெரியம்மா வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. இன்னொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், இது வழக்குக்கா, பணத்துக்கா, நம்மேல் பழி போடவா என்ற ஐயம் முதலில் வரும். தொலைபேசியில் வாய்மொழி ஒப்புதலைப் பதிவுசெய்துகொள்வது இந்த அளவில் எளிது. பணம் தருவது அதைவிடச் சிக்கல். கூலி இழப்புக்கு என்று எவ்வளவு விளக்கினாலும் ‘சாவைச் சொல்லிக் காசு வாங்கினார்கள்’ என்ற பேச்சு தெருவில் வந்துவிடும்.

எப்போது கேட்பது என்பதும் ஊரைப் பொறுத்தது. மேலே சொன்ன ஆய்வுகள் பல 90 நாளில் கூப்பிட்டன. கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ கணவரை இழந்த முஸ்லிம் பெண், 90ஆம் நாளில் இத்தா என்னும் காத்திருப்புக் காலத்தில் இருப்பார். நான்கு மாதம் பத்து நாள் முடியும் வரை அயலான் ஒருவர் போய் உட்கார்ந்து பேசுவது நடக்காது, தொலைபேசியிலும் பெண் குரலாக இருந்தால் நல்லது. கிறிஸ்தவ வீடுகளில் முப்பதாம் நாள் பூசைக்கு முன் கேட்டால் வீடு இன்னும் உறவினர்களால் நிறைந்திருக்கும், அதற்குப் பிறகு ஒரே நாளில் வெறிச்சோடிவிடும். பேச ஆள் தேடும் நாள்கள் அவைதான். விசைப்படகில் போகும் ஆண்கள் வாரத்தில் பல நாள் கடலில் இருப்பார்கள், அங்கே அலைபேசி எடுக்காது.

இதன் விளைவு ஒன்றை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதிய எண் வீட்டில் இருக்கும் கைபேசியின் எண். எடுப்பவர் வீட்டுப் பெண். ‘எழுதிக் கொடுத்த’ மகன் கேட்கப்படுவதே இல்லை. 2005 ஆய்வு எந்த உறவினரிடம் மிகுந்த சுமையைக் கண்டதோ, அந்த ஆளை நம் முறை தானாகவே விட்டுவிடுகிறது. மனைவி சொன்ன பதிலை ‘குடும்பத்தின் பதில்’ என்று பதிவுசெய்துகொண்டு போய்விடுகிறோம். முடிவைப் பற்றிய பேச்சில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்திருந்தால் அது ஒருபோதும் வெளியே வராது.

மாணவி இரண்டாவது முறை கூப்பிட வேண்டியது ஆறாம் மாதம். முதல் பேச்சின் முடிவில் அவர் வழக்கப்படி ‘சரிம்மா, வச்சிடுறேன், மறுபடி கூப்பிடுறேன்’ என்று சொன்னதைப் பெரியம்மா கொஞ்ச நாள் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் மறுபடி என்று சொல்லலாமா என்று. இறப்பு நவம்பரில் என்பதால் அந்த அழைப்பு மே மாதம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். பெரியம்மா எடுத்து, யாரென்று கேட்டுவிட்டு, கைபேசியை அவரிடம் நீட்டினார்: “நீ பேசு. நீதானே கையெழுத்துப் போட்ட.”

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டு, வெளியே இறங்கிப் படகு நிற்கும் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது சோறு ஆறிப்போயிருந்தது. என்ன பேசினார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.